அறுவைக்குப் பிறகும் திரும்பி வரும் பெருவிரல் கோணல்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கால் பெருவிரல் கோணலைப் பற்றி, அதாவது மருத்துவமனைகளில் ‘பன்யன்’ என்று சொல்லப்படும் புடைப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். வலியையும் செலவையும் வாரக்கணக்கான ஓய்வையும் தாங்கி முடித்த பிறகு, அதே விரல் அதே பக்கம் சாய்வதைப் பார்க்கும் மனவருத்தம் ஒவ்வொரு கடிதத்திலும் தெரிந்தது. ஆகவே இம்முறை இந்தப் பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 54. தொடக்கப்பள்ளி ஆசிரியை. 2013-இல் வலது காலில் பன்யன் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். நான்கைந்து ஆண்டுகள் நன்றாக இருந்தது. பிறகு பெருவிரல் மெல்ல மெல்ல இரண்டாம் விரலை நோக்கிச் சாயத் தொடங்கியது. இப்போது பழைய இடத்திலேயே புடைப்பு வந்துவிட்டது. இரண்டாம் விரலுக்கு அடியில் காய்ப்பு விழுந்து, கூழாங்கல்லை மிதித்து நடப்பதுபோல் வலிக்கிறது. வெட்டிய எலும்பு மறுபடியும் வளர்ந்துவிட்டதா? இன்னொரு முறை அறுவை செய்தால் சரியாகுமா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

பதில்: எலும்பு வளரவில்லை, அம்மா. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்; ஏனென்றால் ‘வளர்ந்ததைச் சீவிவிட்டால் போதும்’ என்ற எண்ணம்தான் பலரைத் தவறான இரண்டாவது அறுவைக்கு அழைத்துச் செல்கிறது.

உங்கள் வலது பாதத்தைத் தரையில் ஊன்றிக் குனிந்து பாருங்கள். பெருவிரல் தொடங்கும் இடத்திலிருந்து பாதத்தின் நடுப்பகுதி வரை தோலுக்கு அடியில் ஒரு நீண்ட எலும்பு ஓடுகிறது. இதை முதல் பாத எலும்பு என்று வைத்துக்கொள்வோம். இந்த எலும்பு சிறிது சிறிதாக இடது காலின் பக்கமாக விலகும்போது, அதன் நுனியில் பொருந்தியிருக்கும் பெருவிரல் எதிர்ப்பக்கமாக, இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. இரண்டும் சந்திக்கும் மூட்டு கூரை முகடுபோல வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் கையால் தொட்டு உணரும் புடைப்பு, பெரும்பாலும் உங்களிடம் எப்போதும் இருந்த அந்த எலும்பின் தலைதான். நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் பெருவிரலுக்கும் முதல் பாத எலும்புக்கும் இடையிலுள்ள கோணம் 15 பாகைக்குள்ளும், முதலாம், இரண்டாம் பாத எலும்புகளுக்கு இடையிலுள்ள கோணம் 9 பாகைக்குள்ளும் இருப்பது இயல்பு. உங்களுக்கு இந்த இரண்டு கோணங்களும் மறுபடி விரிந்திருக்கும் என்றே உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

அப்படியானால் ஏன் விரிந்தன? இரண்டாவது அறுவையைப் பற்றிப் பேசும் எந்த மருத்துவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இது. எந்த வகை அறுவை, எத்தனை ஸ்க்ரூ, எத்தனை நாள் ஓய்வு என்பவையெல்லாம் இந்த விடைக்குப் பிறகுதான் வருகின்றன. காரணம் தெரியாமல் மறுபடியும் வெட்டினால், முதல்முறை தோற்ற அதே வழியில் இரண்டாம் முறையும் தோற்பதற்கு நாமே வழி செய்துகொடுத்தவர்கள் ஆவோம்.

நான் அதிகம் பார்க்கும் காரணம், கோணலின் அளவுக்கு முதல் அறுவை போதாமல் போனதுதான். புடைப்பை மட்டும் சீவிவிடும் முறை 1923 முதல் பெயர்பெற்றது. எலும்பு விலகி நிற்பதை அது தொடுவதே இல்லை என்பதால் கோணல் திரும்புவதில் வியப்பில்லை. முதல் பாத எலும்பின் தலைப்பகுதியில் V வடிவில் வெட்டி நகர்த்தும் செவ்ரான் முறை நல்ல முறைதான், ஆனால் தலையை ஓரளவுக்கு மேல் நகர்த்த முடியாது. எலும்புகள் அதிகமாக விரிந்திருந்த பாதத்தில் அதை மட்டும் செய்திருந்தால் மீதிக் கோணல் உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கோணல் காலப்போக்கில் வளரும். நான்கைந்து ஆண்டுகள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு சாய்ந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது.

அடுத்த காரணம் கண்ணுக்கு எளிதில் தெரியாதது. முதல் பாத எலும்பின் தலைக்கு அடியில், எள்ளின் பெயரால் அழைக்கப்படும் இரண்டு சிறிய எலும்புகள் உண்டு. ஏறத்தாழப் பட்டாணி அளவிலுள்ள இவ்வெலும்புகள், தலையின் அடியிலுள்ள இரண்டு பள்ளங்களில் சறுக்கிச் செல்கின்றன. பெருவிரலை மடக்கும் தசைநார்கள் இவற்றோடு பிணைந்துள்ளன. பாத எலும்பு விலகும்போது இவை அதனுடன் செல்வதில்லை. இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. அறுவையின்போது தலையை மீண்டும் இவற்றின்மேல் கொண்டுவந்து அமர்த்தாவிட்டால், தசைநார்கள் வில்லின் நாண்போல் ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் பெருவிரல் இரண்டாம் விரலின் பக்கம் இழுபடும். அறுவைக்குப் பிந்தைய எக்ஸ்ரேயில் இவ்விரு எலும்புகளும் சரியான இடத்துக்கு வராதவர்களிடம் கோணல் திரும்புவது அதிகம் என்பது ஆய்வுகளில் நன்கு தெரியவந்த செய்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் பாத எலும்பு பக்கவாட்டில் விலகுவது மட்டுமன்றி, பலரிடம் தன் நீளவாட்டில் சற்று முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. பழைய முறைகள் பெரும்பாலும் எக்ஸ்ரேப் படத்தில் தட்டையாகத் தெரிந்த கோணத்தை மட்டும் திருத்தின. முறுக்கம் அப்படியே விடப்பட்டது. அதைக் கவனித்துத் திருப்பி வைப்பதில் இன்று அதிக அக்கறை காட்டப்படுகிறது; நின்றபடியே எடுக்கும் சிடி ஸ்கேன் இருக்கும் இடங்களில் அது துல்லியமாகவே தெரிகிறது.

இனி, எக்ஸ்ரேயில் தெரியாத ஒரு சோதனை. நோயாளியை மேசையில் உட்காரவைத்து, ஒரு கையால் அவருடைய நான்கு சிறிய விரல்களின் பாத எலும்புகளை ஒருசேரப் பற்றிக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முதல் பாத எலும்பை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பேன். இறுக்கமான பாதத்தில் அது சற்றே அசைந்து நின்றுவிடும். சிலருக்கோ, தளர்ந்த கதவுக் கீல்போல் மேலே எழும்பிக்கொண்டே போகும். அப்படி எழும்பினால் கோணலின் வேர் பெருவிரல் மூட்டில் இல்லை. பாதத்தின் நடுவில், அந்த எலும்பு தொடங்கும் அடிமூட்டில் இருக்கிறது. முன்பக்கத்தில் எத்தனை முறை வெட்டினாலும் அடிமூட்டின் தளர்ச்சி கோணலை மறுபடி வரவைத்துவிடும்.

உங்கள் இரண்டாம் விரலுக்கு அடியில் விழுந்துள்ள காய்ப்பு எனக்கு இந்த இடத்தில் முக்கியமான தடயமாகப் படுகிறது. நடக்கும்போது உடல் எடையின் பெரும்பங்கை முன்பாதத்தில் தாங்க வேண்டியது முதல் பாத எலும்பு. அது தளர்ந்திருந்தாலோ, முதல் அறுவையில் குட்டையாகியிருந்தாலோ, வெட்டிய இடம் மேல்நோக்கித் தூக்கியபடி ஒட்டிக்கொண்டிருந்தாலோ தன் சுமையைப் பக்கத்திலுள்ள எலும்பின்மேல் போட்டுவிடும். வகுப்பில் நாள் முழுதும் நிற்கும் உங்களுக்கு வலி புடைப்பில் அதிகமா, காய்ப்பில் அதிகமா என்று ஒரு வாரம் கவனித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காய்ப்பில்தான் அதிகம் என்றால், புடைப்பை அழகாக நேராக்கும் அறுவைகூட உங்கள் வலியைத் தீர்க்காமல் போகலாம்.

என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பெருவிரல் மூட்டின் குருத்தெலும்பு நன்றாக இருந்து, அடிமூட்டும் உறுதியாக இருந்து, கோணல் மிதமாகத் திரும்பியிருந்தால், எலும்பை மறுபடி வெட்டி நகர்த்தி ஸ்க்ரூ வைப்பது போதுமானது. நீளவாட்டில் Z வடிவில் வெட்டும் ஸ்கார்ஃப் முறையும், விரல் எலும்பிலேயே சிறு ஆப்பு அளவு எடுத்து நேராக்கும் ஏக்கின் முறையும் இதற்குப் பயன்படுகின்றன. அடிமூட்டு தளர்ந்திருந்தாலோ எலும்புகள் மிக விரிந்திருந்தாலோ, அந்த அடிமூட்டையே சரியான கோணத்திலும் முறுக்கத்திலும் வைத்து நிரந்தரமாக இணைத்துவிடும் லாபிடஸ் முறை நம்பகமானது. 1934-இல் இதை விவரித்த பால் லாபிடஸின் பெயரால் வழங்கும் இந்த முறையில் பெருவிரல் மூட்டின் அசைவு அப்படியே இருக்கும்; இணைக்கப்படும் மூட்டு இயல்பிலேயே மிகக் குறைவாக அசைவது என்பதால் அதன் இழப்பு நடையில் தெரிவதில்லை. குருத்தெலும்பு தேய்ந்திருந்தால் பெருவிரல் மூட்டையே இணைத்துவிட வேண்டியிருக்கும். அதைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாக எழுதுகிறேன். உங்கள் காய்ப்பைப் பொறுத்தவரை, முதல் எலும்பைச் சரியான உயரத்தில் நிறுத்துவதோடு, தேவைப்பட்டால் இரண்டாம் பாத எலும்பையும் சற்றுக் குறுக்கி வைப்பார்கள்.

கடிதத்தை வைத்து உங்களுக்கு இன்னது என்று நான் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் காய்ப்பையும் மெதுவாகத் திரும்பிய கோணலையும் சேர்த்துப் பார்க்கும்போது, அடிமூட்டை நன்றாகச் சோதிக்கும்படி மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள் என்றே சொல்வேன். போவதற்கு முன், 2013-இல் அறுவை நடந்த மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவில் விண்ணப்பித்து, அறுவைக் குறிப்பையும் அப்போதைய எக்ஸ்ரேப் படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வெட்டு, எந்த நிறுவனத்தின் ஸ்க்ரூ, அது இன்னும் உள்ளே இருக்கிறதா என்பவை தெரிந்தால், அதை எடுக்க வேண்டிய கருவி அறுவை நாளன்று தயாராக இருக்கும். அறுவை அரங்கில் பழைய ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் திருகி இல்லாமல் தவிப்பது எவ்வளவு நேரத்தையும் எலும்பையும் வீணாக்கும் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும்: குறுகலான காலணி அணிந்ததால் நீங்களே வரவழைத்துக்கொண்டீர்கள் என்று யாராவது சொன்னால் மனம் வருந்தாதீர்கள். காலணிக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் திரும்பிய கோணல்களில் பெரும்பாலானவற்றுக்கு அதைவிட வலுவான காரணம் எலும்பிலும் மூட்டிலும் முதல் அறுவையின் தேர்விலும் இருக்கிறது.

கேள்வி: வயது 67. 1998-இல் இடது பெருவிரலில் அறுவை நடந்தது. விரல் எலும்பின் அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று இப்போதைய மருத்துவர் சொல்கிறார். விரல் குட்டையாகி, துவண்டு, மறுபடியும் சாய்ந்துவிட்டது. மூட்டை இணைத்துவிடுவதுதான் வழி என்கிறார். இணைத்துவிட்டால் தொழுகையில் சஜ்தா செய்ய முடியுமா? நடை கெட்டுவிடாதா?
– வாசகர், பிடோக்

பதில்: உங்களுக்கு நடந்தது கெல்லர் முறை. 1904-இல் விவரிக்கப்பட்ட பழைய முறை அது. வலியைக் குறைக்கும், ஆனால் விரலின் பிடிப்பைப் பறித்துவிடும். அடிப்பகுதி போன பிறகு விரலை மடக்கும் தசைகளுக்குப் பற்றிக்கொள்ள இடம் இருப்பதில்லை. ஆகையால் விரல் தரையை அழுத்தாது, துவளும், சாயும். அதே மூட்டில் மறுபடி வெட்டி நேராக்கினால் நிற்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. உங்கள் மருத்துவர் சொன்ன இணைப்பு அறுவையையே நானும் சொல்வேன். விரல் மிகக் குட்டையாகியிருந்தால், இடுப்பெலும்பிலிருந்தோ குதிகாலிலிருந்தோ சிறு எலும்புத் துண்டு எடுத்து இடையில் வைத்து நீளத்தை ஓரளவு மீட்பார்கள். அப்படி ஒட்டெலும்பு வைத்தால் எலும்புகள் ஒட்டிக் கூடுவதற்கு அதிக நாள் ஆகும், கூடாமல் போகும் வாய்ப்பும் சற்று அதிகம் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

நடை கெடாது. பலருக்கு முன்பைவிட நன்றாகவே இருக்கும். ஏனென்றால் துவண்டு கிடந்த விரல் இப்போது உறுதியான நெம்புகோலாகிச் சுமை தாங்கும். விரலை இரண்டாம் விரலின் பக்கமாக 10 முதல் 15 பாகையும், தரையிலிருந்து மேல்நோக்கி ஏறத்தாழ அதே அளவும் வைத்து இணைப்பது வழக்கம். இந்தக் கோணத்தில்தான் அறுவையின் வெற்றி இருக்கிறது. அதிகம் தூக்கி வைத்தால் நகம் காலணியில் இடிக்கும். தாழ்த்தி வைத்தால் விரல் நுனி தரையில் குத்தும்.

சஜ்தாவைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. இதை அறுவைக்கு முன்பே கேட்பவர்கள் குறைவு. நெற்றி தரையில் படும்போது கால்விரல்கள் தொழும் திசையான கிப்லாவை நோக்கி மடங்கி ஊன்றியிருக்கும். அந்த நிலையில் பெருவிரல் மூட்டு மிக அதிகமாகப் பின்னோக்கி வளைகிறது. இணைத்த மூட்டு அப்படி வளையாது; விரல் நுனியிலுள்ள சிறு மூட்டு மட்டுமே அசையும். தொழுகையின் இருப்பில், அதாவது உட்காரும் நிலையில், வலது காலை ஊன்றி இடது காலைப் படுக்கவைத்து அமர்வது உங்கள் வழக்கமாக இருந்தால், உங்களுக்கு அறுவை இடது காலில் என்பதால் அந்த அமர்வு பெரிதாகப் பாதிக்கப்படாது. சஜ்தாவில் இடது பாதத்தைப் படுத்த நிலையில் வைப்பதா, நாற்காலியில் தொழுவதா என்பதை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். அதற்கு மருத்துவரின் கடிதம் வேண்டுமானால் எழுதித் தருவார்.

என் நோயாளிகளிடம் நான் ஒரு சிறு முயற்சி செய்யச் சொல்வதுண்டு. பெருவிரலுக்கு அடியில் கெட்டியான அட்டையை வைத்து மூட்டு வளையாதபடி ஒட்டுநாடாவால் கட்டி, வீட்டில் இரண்டு நாள் நடந்து, உட்கார்ந்து, படியேறி, தொழுது பாருங்கள். இணைப்புக்குப் பிறகு வாழப்போகும் காலைப் பற்றி ஓர் உணர்வு கிடைக்கும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் இதைச் செய்யக்கூடாது; புண் விழும்.

கேள்வி: என் மகளுக்கு வயது 24. பரதநாட்டியம் ஆடுகிறாள். 14 வயதில் இரண்டு கால்களிலும் பன்யன் அறுவை செய்தோம். மூன்றே ஆண்டுகளில் திரும்பிவிட்டது. நீண்ட பயிற்சிக்குப் பிறகு வலிக்கிறது என்கிறாள். மறுபடியும் செய்யலாமா?
– ஒரு தாய், செங்காங்

பதில்: இளம்வயதில் செய்யப்படும் திருத்தம் திரும்பி வருவது பெரியவர்களைவிட அதிகம். முதல் பாத எலும்பின் வளர்ச்சித் தட்டு அதன் அடிப்பகுதியில் இருக்கிறது. அது மூடுவதற்கு முன் செய்த அறுவைக்குப் பிறகும் எலும்பு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். மேலும் இளம்வயதுக் கோணலில் பாத எலும்பின் தலையிலுள்ள மூட்டுப் பரப்பே ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பது வழக்கம். அதைத் திருப்பாமல் எலும்பை மட்டும் நகர்த்தினால், பார்க்க நேராகத் தெரியும் விரல் தன் மூட்டின் சாய்வைப் பின்பற்றி மறுபடியும் சாயும். மற்ற நான்கு பாத எலும்புகளும் உட்பக்கம் வளைந்த பாத அமைப்பு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்களுடைய எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கிடையிலான கோணம் குறைவாகத் தெரிந்து ஏமாற்றும். ஆகவே போதாத அறுவை நடந்துவிடும்.

நாட்டியம் ஆடுகிறவள் என்பதால் இன்னொன்றைக் கேட்கிறேன். அவளுடைய கட்டைவிரல் முன்கையைத் தொடுமளவு வளைகிறதா? முழங்கையும் முழங்காலும் நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளைகின்றனவா? உடல் முழுவதும் தசைநார்த் தளர்ச்சி உள்ளவர்களுக்கு 9 புள்ளிகள் கொண்ட பெய்ட்டன் அளவீடு ஒன்று உண்டு. அதில் அதிகப் புள்ளி வந்தால், மென்திசுக்களை இறுக்கித் தைத்துத் திருத்தும் முறைகள் நிலைக்காது. எலும்பையும் அடிமூட்டையும் நம்பித்தான் அறுவையைத் திட்டமிட வேண்டும்.

ஆனால் அவசரப்படாதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. முழுதாகக் குந்தும் முழுமண்டியில் குதிகால் உயர்ந்து உடல் எடை முழுவதும் மடங்கிய விரல்களின்மேல் இறங்குகிறது. ‘குதித்து மெட்டடவு’ என்னும் அடவில் முன்பாதத்தில் எழும்பி நின்று, உடனே குதிகால் தட்டுகிறது. இவ்விரண்டுக்கும் பெருவிரல் மூட்டு பின்னோக்கித் தாராளமாக வளைய வேண்டும். எந்தப் பெருவிரல் அறுவையும், நன்றாக நடந்த அறுவையும்கூட, இந்த வளைவில் சிறிது பறித்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒருமுறை வடுப்பட்ட மூட்டில் இன்னும் கூடுதலாகப் பறிக்கும். கோணலாக இருந்தாலும் வளைகிற விரல், நேராக இருந்து வளையாத விரலைவிட நடனத்துக்கு உதவும். ஆகவே தோற்றத்துக்காகச் செய்யவே வேண்டாம். வலி பயிற்சியின் கடைசி மணி நேரத்தில் மட்டும் என்றால், பயிற்சியைப் பிரித்து வைப்பது, வெறும் சிமெண்டுத் தரையைத் தவிர்த்து மரத்தளத்தில் ஆடுவது, கெண்டைக்கால் தசையைத் தளர்த்தும் பயிற்சிகள், பாதத்தின் சிறுதசைகளை வலுப்படுத்தும் பிசியோதெரபி ஆகியவற்றை ஆறு மாதம் முறையாகச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் சாதாரண நடையிலேயே வலித்தால் அறுவையைப் பற்றிப் பேசலாம். அப்போது பெருவிரல் மூட்டைக் காப்பாற்றும் முறையே அவளுக்கு ஏற்றது. ஒரு நேரத்தில் ஒரு கால். மேடை ஏறுவதற்கு அரையாண்டாவது இடைவெளி விட வேண்டும். குருவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சிலிக்கோன் விரலிடைப் பட்டையும், இரவில் கட்டும் பட்டியும் திரும்பிய கோணலை நேராக்குமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: நேராக்காது. அணிந்திருக்கும்போது விரல் நேராக இருக்கும், கழற்றினால் பழைய இடத்துக்குப் போய்விடும். விரல்கள் உரசிப் புண்ணாவதைத் தடுக்க மெல்லிய பட்டை உதவும். அதற்காக மட்டும் பயன்படுத்துங்கள். பணத்தைச் செலவிடுவதானால், முன்பக்கம் அகன்று ஆழமாக உள்ள காலணிக்குச் செலவிடுங்கள். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நின்றபடி அளந்து வாங்குங்கள்.

கேள்வி: வயது 59, இருபது ஆண்டுகளாக நீரிழிவு. சிகரெட்டும் உண்டு. 2016-இல் செய்த அறுவை திரும்பிவிட்டது. மறுபடி செய்துகொண்டு அடுத்த தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்று வேண்டுதல். முடியுமா?
– வாசகர், தோ பாயோ

பதில்: உங்கள் வேண்டுதலை மதிக்கிறேன். அதனாலேயே ஒளிவில்லாமல் எழுதுகிறேன். உங்கள் காலில் அறுவைக்கு முன் கேட்க வேண்டியது கோணலைப் பற்றியன்று. இரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் பற்றி. பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடித் துடிப்பு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் அதை உணர்கிறீர்களா என்று சோதிக்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) செய்யும் நீரிழிவுப் பாதப் பரிசோதனையில் இவை அடங்கும். கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று பாருங்கள்.

மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை, அவசரமில்லாத பாத அறுவையை நான் தள்ளியே வைப்பேன். சிகரெட்டைப் பொறுத்தவரை குறைப்பது போதாது, நிறுத்த வேண்டும். புகை சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வெட்டி வைத்த எலும்பு கூடாமல் நின்றுவிடுவதற்கும் புண் ஆறாமல் கிருமி பிடிப்பதற்கும் அது நன்கு அறியப்பட்ட காரணம். அறுவைக்கு முன் குறைந்தது நான்கு வாரம், பின் எலும்பு கூடும்வரை ஒன்றுகூடப் பிடிக்கக்கூடாது. ஏற்கெனவே ஒருமுறை வெட்டப்பட்ட எலும்புக்கு இரத்த ஓட்டம் முன்போல் இருக்காது என்பதால், இரண்டாவது அறுவையில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் முக்கியம்.

தைப்பூசத்தைப் பற்றி. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் வெறுங்காலில், தலையில் குடத்தோடு, வெயிலேறிய தார்ச்சாலையில் நடப்பது, அறுவை முடிந்து ஆறு மாதத்துக்குள் கூடாது. அடுத்த தைப்பூசத்துக்கு அதைவிடக் குறைவான காலமே இருந்தால், அறுவையைத் திருவிழாவுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நைலான் இழைச் சோதனையில் உணர்ச்சி குறைவு என்று வந்தால், அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் வெறுங்கால் நடை உங்களுக்கு ஆபத்து. கொப்புளம் வந்ததே தெரியாமல் வீடு திரும்பி, மூன்றாம் நாள் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் பாதுகாப்பான காலுறையோடோ, கோவிலுக்குள் மட்டும் சுமந்தோ வேண்டுதலை நிறைவேற்ற முடியுமா என்று கோவில் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: இரண்டாவது அறுவைக்கு மெடிசேவ் பயன்படுத்தலாமா? எத்தனை நாள் விடுப்பு தேவைப்படும்? நான் உணவங்காடியில் நின்று வேலை செய்பவள். வலது கால்.
– வாசகி, ஆங் மோ கியோ

பதில்: வலிக்காகவும் நடையில் உள்ள குறைக்காகவும் மருத்துவர் தேவை என்று சொல்லிச் செய்யும் அறுவைக்கு, முதல்முறையானாலும் இரண்டாம் முறையானாலும், மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பயன்படுத்தலாம், மெடிஷீல்டு லைஃப் என்னும் தேசிய மருத்துவக் காப்புறுதித் திட்டமும் அதன் விதிகளுக்குட்பட்டுக் கைகொடுக்கும். தோற்றத்துக்காக மட்டும் என்றால் முடியாது. பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனைக்குச் சென்றால் சலுகைக் கட்டணம் கிடைக்கும். தனியார் காப்புறுதி சேர்த்து வைத்திருந்தால், முதல் அறுவைக்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்பதைப் பார்த்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்ட பிறகே நாள் குறியுங்கள்.

விடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நின்று வேலை செய்பவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். வெட்டிய எலும்பு ஒட்டிக் கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எலும்பை வெட்டி நகர்த்திய அறுவையென்றால், மறுநாளிலிருந்தே குதிகாலில் எடை போட்டு நடக்கும் தனிக் காலணியோடு வீட்டுக்குள் நடமாடலாம். லாபிடஸ் இணைப்பென்றால், பல மருத்துவர்கள் இரண்டு முதல் ஆறு வாரம் வரை அந்தக் காலில் எடை போடவே விடமாட்டார்கள். முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சு உயரத்துக்கு மேல் வைத்துப் படுத்திருப்பது தையல் ஆறுவதற்கு மிகவும் முக்கியம். பாதத்தின் வீக்கம் முழுமையாக வடிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரைகூட ஆகலாம். மூன்றாம் மாதத்தில் மாலைதோறும் வீங்குவதைப் பார்த்துக் கோணல் திரும்பிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். வலது கால் என்பதால் ஆறு முதல் எட்டு வாரம் வண்டி ஓட்டக்கூடாது.

ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 60 நாள் வரை மருத்துவமனை விடுப்பு உண்டு; சாதாரண மருத்துவ விடுப்பான 14 நாளும் இதற்குள் அடங்கும். நாள் முழுக்க நிற்கும் வேலைக்கு இந்த 60 நாள் சரியாகப் போதும், அல்லது சற்றுப் போதாது. ஆகையால் இவ்வாண்டில் ஏற்கெனவே எத்தனை நாள் எடுத்திருக்கிறீர்கள் என்று முதலில் கணக்குப் பாருங்கள். மூன்றாம் மாதத்தில் காசாளர் இருக்கையில் உட்கார்ந்து செய்யும் இலகுவான வேலை கொடுக்க முடியுமா என்று உங்கள் கடைக்காரரிடம் அறுவை நாள் குறிப்பதற்கு முன்பே பேசுங்கள். அதற்கான பரிந்துரைக் குறிப்பை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் குளியலறைக்கு முன் உள்ள படிக்கட்டு உயரமானதென்றால், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை உள்ளே வைத்து, ஊன்றுகோலோடு உள்ளே போய் உட்கார்ந்து எழுந்து வர அறுவைக்கு முந்தைய வாரமே பழகிக்கொள்ளுங்கள்.